கறிவேப்பிலைச் செடியில் ஒரு வகுப்பு: வண்ணத்துப்பூச்சியின் வளர்ச்சியைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகக் கற்பித்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிக்கு அருகே பல ஆண்டுகளாக மழலையர் வகுப்பு எடுத்துவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் வகுப்பு வாசலில் உள்ள கறிவேப்பிலைச் செடியில் புழுக்கள் தோன்றியதும், பெற்றோர்களும் பக்கத்து ஊர் அங்கன்வாடிப் பணியாளர்களும் என்னிடம் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வயதில் இதைத் தொடங்கலாம்?

மூன்று வயது நிறைந்த குழந்தை புழுவைப் பொறுமையாகப் பார்க்கும். நான்கு வயதில் "நேற்று இப்படி இருந்தது, இன்று இப்படி இருக்கிறது" என்று ஒப்பிடத் தொடங்கும். ஆறு வயதுவரை இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாமே பொருந்தும்.

வட்டமாக அம்புக்குறி போட்ட படம் எங்களிடம் இருக்கிறது. அதைக் காட்டித் தொடங்கலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு படங்களை வட்டமாக வைத்து அம்புக்குறி இட்ட அட்டையை நானும் பல ஆண்டுகள் சுவரில் மாட்டிவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். குழந்தைகளும் நான்கு பெயர்களையும் வரிசை தவறாமல் ஒப்பிப்பார்கள். ஒருநாள் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், பட்டாம்பூச்சி மறுபடியும் முட்டைக்குள்ள எப்படிப் போகும்? றெக்கை மாட்டிக்காதா?" என்று கேட்டாள். கடைசி அம்புக்குறி வண்ணத்துப்பூச்சியிலிருந்து முட்டைக்குப் போவதால், அதே பூச்சி சுருங்கி முட்டையாகிவிடுகிறது என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள். மற்றவர்களையும் விசாரித்தபோது, பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். வண்ணத்துப்பூச்சி முட்டை இடுகிறது, இட்ட முட்டையிலிருந்து வருவது வேறோர் உயிர், அதாவது அதன் பிள்ளை என்ற அடிப்படைச் செய்தியை அந்த அட்டை மறைத்துவிட்டது.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் செடியில் உயிருள்ளதைப் பார்க்க வேண்டும், பிறகு பார்த்ததைக் கையாலும் உடலாலும் செய்து விளையாட வேண்டும், அதன் பின்னரே படம். கண்ணால் காணாததை விளையாடச் சொன்னால் குழந்தை நம்மைப் பார்த்து நடிக்கும். கண்டதை விளையாடச் சொன்னால் நாம் கவனிக்கத் தவறியதையும் சேர்த்துச் செய்து காட்டும்.

வேலூர்ப் பகுதியில் முட்டைகளையும் புழுக்களையும் எந்தச் செடிகளில் தேடலாம்?

வீட்டுக் கறிவேப்பிலைச் செடியே போதும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும், கறிவேப்பிலை அழகி என்னும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை ஆகிய செடிகளின் தளிர்களில் முட்டை இடுகின்றன. இளந்தளிரின் அடியிலும் ஓரத்திலும் வெளிர்மஞ்சள் மணிபோல் ஒன்று தனியாக ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் முட்டைதான். இந்தப் புழு சிறியதாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையும் கலந்து பறவை எச்சம்போலவே தோன்றும். பறவைகள் அதை உணவென்று அறியாமல் விட்டுச்செல்வதற்கான வேடம் அது. நான்காவது முறை தோலுரித்த பின் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். எச்சம் என்று தட்டிவிடப்போன ஒன்று நகரத் தொடங்கும் கணத்தில் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள் இந்த வேலையைப் பிறகு விடமாட்டார்கள்.

பாலாற்றங்கரையிலும் சாலையோரத் தரிசுகளிலும் எருக்கஞ்செடிக்குப் பஞ்சமில்லை. அதன் இலைகளில் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவைக் காணலாம்; கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும், முதுகில் மூன்று இணைக் கறுப்பு இழைகளும் கொண்ட அழகான புழு அது. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான தீங்கு நேரும். ஆகவே எருக்குப் புழுவைச் செடியிலேயே விட்டு, எட்ட நின்று பார்க்க வேண்டும். இலையைப் பெரியவர்களும் பறித்துத் தர வேண்டாம். அரளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அதில் காக்கை வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும், செடி முழுவதும் நஞ்சு.

ஆமணக்கு, ஆவாரை, சரக்கொன்றை, நெட்டிலிங்கம், சீத்தா ஆகியவற்றிலும் வெவ்வேறு வகைகளின் புழுக்கள் வளர்கின்றன. ஒவ்வொரு வகையும் தனக்கென்று சில செடிகளையே நம்பியிருக்கிறது என்பதைக் குழந்தைகள் இந்தத் தேடலிலேயே அறிந்துகொள்வார்கள். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்திக்குக் குடும்பத்துடன் போகிறவர்கள் அங்கே இன்னும் பல வகைகளைப் பார்க்கலாம். ஆனால் காட்டிலிருந்து புழுவையோ பூச்சியையோ எடுத்துவரக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வண்ணத்துப்பூச்சிகளில் பல வகைகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. 2019இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் மலைக்காடுகளைச் சார்ந்ததே. அதைச் சமவெளியில் உள்ள நம் முற்றத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த மாதம் ஏற்றது?

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை. மழை பெய்து செடி துளிர்க்கும்போதுதான் முட்டைகள் மிகுதியாகக் கிடைக்கும். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது வீட்டில் புழு வளர்க்கும் முயற்சியை நான் மேற்கொள்வதில்லை. இலை ஒரு மணி நேரத்தில் வாடிவிடும், புழுவும் தாங்காது.

புழுவைத் தொட்டால் அரிக்குமே? எங்கள் வீட்டில் ஆயா விடமாட்டார்.

ஆயாவின் அச்சம் காரணமற்றது அன்று. முருங்கை மரத்தில் கூட்டம்கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும் என்பது நம் ஊரில் எல்லோரும் பட்டு அறிந்தது. அது அந்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் நாம் தேடும் புழுவுக்கோ அத்தகைய மயிர் கிடையாது. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை வெளியே நீட்டும், அதிலிருந்து காட்டமான வாடை வீசும். அது கொட்டாது, கடிக்காது. குழந்தைகள் அந்த வாடைக்காகவே அதைச் சீண்டுவார்கள். ஒருமுறை பார்த்ததும் நிறுத்திவிடச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது புழுவின் அச்சத்துக்கு அடையாளம்.

வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் விதி எளியது: மயிர் உள்ளதைத் தொடக் கூடாது, மயிர் இல்லாததையும் பெரியவர் அருகில் இல்லாமல் தொடக் கூடாது. புழுவை இடம் மாற்ற வேண்டுமானால் அது இருக்கும் இலையோடு மாற்ற வேண்டும். பார்த்து முடித்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது எப்படி?

செடி முற்றத்தில் இருந்தால் அங்கேயே விட்டுப் பார்ப்பதுதான் சிறந்தது. மாடி வீட்டில் இருப்பவர்கள் ஒன்று அல்லது இரண்டு புழுக்களை மட்டும் வளர்க்கலாம். வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தின் வாயைக் கொசுவலைத் துணியால் மூடி ரப்பர் வளையம் போட்டால் போதுமானது. கறிவேப்பிலைக் கொத்தைச் சிறு மருந்துப் புட்டியில் உள்ள தண்ணீரில் நிறுத்தி, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். இல்லையேல் புழு இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, கழிவைத் தினமும் தட்டி எறிய வேண்டும். அந்தக் கழிவை எண்ணுவதுகூடக் குழந்தைகளுக்குப் பெரிய விளையாட்டு. நேற்று ஏழு, இன்று முப்பது என்றால் அது எவ்வளவு தின்கிறது என்பது விளங்கிவிடும். பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வைத்தால் எறும்பு ஏறாது. நேர் வெயில் படக் கூடாது.

மிகவும் முக்கியமானது இது: கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் புழுவுக்குக் கொடுக்காதீர்கள். அதில் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சமையலுக்கு வாங்கிய கொத்தை நன்றாகக் கழுவியே கொடுத்தார்கள். மறுநாள் காலையில் புழு உயிருடன் இல்லை.

முட்டை மூன்று நான்கு நாள்களில் பொரியும். புழுப்பருவம் ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டுப்புழுப் பருவம் எட்டு முதல் பத்து நாள்கள். ஆக ஒரு மாதத்துக்குள் முழுவதும் நிகழ்ந்துவிடும். தட்பவெப்பத்தைப் பொறுத்துச் சில நாள்கள் கூடலாம், குறையலாம்.

என்னென்ன விளையாட்டுகள் வைக்கலாம்? கடையில் எதுவும் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டியது அனேகமாக எதுவும் இல்லை. ஒவ்வொரு விளையாட்டையும் அந்தப் பருவத்தைச் செடியில் பார்த்த அதே வாரத்தில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

முட்டைக்குக் கேழ்வரகு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் முட்டை கேழ்வரகு மணி அளவுக்கு, அல்லது அதைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். குழந்தையின் கையில் ஒரு சிட்டிகை கேழ்வரகையும் மைதாப் பசையையும் கொடுத்து, இலைக்கு ஒன்றாக, இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே இலையில் கொட்டும் குழந்தையிடம், "பத்துப் பிள்ளைக்கும் இந்த ஓர் இலை போதுமா?" என்று கேட்டால் அதுவே யோசித்துப் பிரித்து ஒட்டும். வண்ணத்துப்பூச்சி இலைமேல் அமர்ந்து காலால் சுவைத்துப் பார்த்தே செடியை உறுதிசெய்கிறது. இதற்கு ஒரு கண்கட்டு விளையாட்டு உண்டு: துளசி, வேப்பிலை, கறிவேப்பிலை, எலுமிச்சை இலை ஆகியவற்றைக் கசக்கி முகரக் கொடுத்து, "உன் பிள்ளைக்கு ஆகும் இலை எது?" என்று கேட்க வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

தோலுரித்தலுக்கு நாங்கள் விளையாடும் சட்டை விளையாட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புழுவின் தோல் உடலோடு சேர்ந்து தொடர்ந்து வளர்வதில்லை. அதனால் பழைய தோலுக்கு அடியிலேயே சற்றுப் பெரிய புதுத் தோல் மடிந்து உருவாகியிருக்கும். பழையது கிழிந்ததும் புதியது விரியும். ஆகவே குழந்தைக்கு அண்ணனின் பெரிய சட்டையை முதலில் போட்டு, அதன்மேல் அதனுடைய சொந்தச் சிறிய சட்டையைப் போட்டுவிடுங்கள். சட்டை இறுக்கும், கை தூக்க முடியாது, "டீச்சர், டைட்டா இருக்கு" என்று குழந்தையே சொல்லும். மேல்சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கசங்கியிருந்த பெரிய சட்டை விரிந்து தொங்கும்போது குழந்தை பெருமூச்சு விடும். புழுவாக இருக்கும் காலத்தில் இப்படி நான்கு முறை உரிக்கிறது. உரிப்பதற்கு முன் ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் கிடக்கும். "உடம்பு சரியில்லையோ" என்று குழந்தைகள் பதறுவார்கள், அப்போது தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

கூட்டுப்புழுவுக்கு ஒரு துணிப் பொம்மை செய்துகொள்ளலாம். மடித்த காகிதச் சிறகு ஒன்றைப் பச்சைத் துணிப்பைக்குள் வைத்து, அதன்மேல் பழைய காலுறையை மாட்டிவிட வேண்டும். காலுறைதான் புழுவின் கடைசித் தோல். குழந்தை அதை உருவினால் உள்ளே ஏற்கெனவே பச்சைக் கூட்டுப்புழு இருக்கிறது! போர்வையைச் சுற்றிக்கொண்டு "கூடு கட்டும்" வழக்கமான விளையாட்டைவிட இது உண்மைக்கு நெருக்கமானது.

சிறகு விரிதலுக்குக் காலி பால் பாக்கெட் போதும். அதை நன்றாக அழுத்தி மடித்துவிட்டு மெல்லத் தண்ணீர் ஊற்றினால் மடிப்புகள் ஒவ்வொன்றாக விரியும். கசங்கிய சிறகின் நரம்புகளுக்குள் உடல்நீரைச் செலுத்தித்தான் வண்ணத்துப்பூச்சியும் சிறகை விரிக்கிறது. தேன் குடிக்கும் உறிஞ்சுகுழலுக்குத் திருவிழாக் கடைகளில் விற்கும், ஊதினால் நீண்டு விட்டால் சுருண்டுகொள்ளும் காகிதப் பீப்பீ பொருத்தமானது.

கூட்டுப்புழுவும் பட்டுக்கூடும் ஒன்றா?

அல்ல. ஆரணிப் பட்டு நெசவு நடக்கும் பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் இந்தக் குழப்பம் எழுவது இயல்பே. பட்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு. அது பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழையைத் தன்னைச் சுற்றி நூற்றுக் கூடு கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோ கூடு எதுவும் கட்டுவதில்லை. கடைசித் தோலை உரித்ததும் வெளிப்படும் அதன் உடலே கெட்டியாகிக் கூடுபோல் தெரிகிறது. குச்சியோடு தன்னைப் பிணைத்துக்கொள்ள இடுப்பில் ஒரு மெல்லிய பட்டிழையை மட்டும் கட்டிக்கொள்கிறது. மரமேறி இடுப்பில் கயிறு போட்டுக்கொண்டு பனையில் சாய்ந்து நிற்பதைப் பார்த்த குழந்தைக்கு இதை ஒரு சொல்லில் விளக்கிவிடலாம். வெந்தய வரியனின் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும். அதில் பொன்னிறப் புள்ளிகள் மின்னும்.

பட்டுப்புழுவைப் பற்றி ஒரு செய்தியைப் பெரிய குழந்தைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1647இல் பிறந்த மரியா சிபில்லா மெரியன் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்த்துப் பார்க்கத் தொடங்கினார். சேற்றிலிருந்து பூச்சிகள் தாமாகவே தோன்றுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. முட்டையிலிருந்து தொடங்கி, புழுவையும் அது தின்னும் செடியையும் ஒரே தாளில் வரைந்து காட்டியவர் அவர். ஒரு சிறுமி பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தொடங்கியது அந்த ஆராய்ச்சி.

கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லலாம். புழுவின் தசையும் குடலும் பெருமளவு கரைந்து, அந்தச் சத்திலிருந்தே புதிய உறுப்புகள் வளர்கின்றன. சிறகு, கால், கண் ஆகியவற்றுக்கான நுண்ணிய மூலங்கள் புழுவுக்குள் முன்பே இருந்தன. நான் குழந்தைகளிடம், "தூங்குகிறது" என்று சொல்வதில்லை. "உள்ளே கடுமையாக வேலை நடக்கிறது" என்கிறேன். கடைசி நாளில் கூட்டின் தோல் கண்ணாடிபோல் ஆகி, உள்ளே சிறகின் நிறம் தெரியும். மறுநாள் காலையில் குழந்தைகளைச் சீக்கிரம் அழைத்துவரச் சொல்லிவிடுங்கள்.

வெளிவரச் சிரமப்பட்டால் நாம் உதவலாமா?

கூடாது. நம் விரல் பட்டால் ஈரச் சிறகு நிரந்தரமாக மடங்கிவிடும். பற்றித் தொங்கக் குச்சியும், சிறகு விரியப் போதிய இடமும் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வதுதான் நாம் செய்யக்கூடிய உதவி. வெளிவந்ததும் சிந்தும் செந்நிற நீர் இரத்தம் அன்று, உடலில் தங்கியிருந்த கழிவு என்று குழந்தைகளிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

புழு இறந்துவிட்டால் குழந்தை அழுமே?

அழும். அழட்டும். வேறொரு புழுவை இரவோடு இரவாக மாற்றி வைக்கும் பெற்றோர்களை நான் அறிவேன். அன்பினால் செய்கிறார்கள், ஆனாலும் செய்யக் கூடாது என்றே சொல்வேன். ஒருமுறை எங்கள் வகுப்பில் இருந்த கூட்டுப்புழு பழுப்பாகிக் கறுத்தது. பத்து நாள் கழித்து அதைத் துளைத்துக்கொண்டு ஈயின் புழு வெளியே வந்தது. வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் உடலுக்குள் வளரும் ஈக்களும் சிறு குளவிகளும் உண்டு. எல்லோரும் அமைதியாக இருந்தபோது ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், "டீச்சர், அந்த ஈயும் ஒரு அம்மாவோட பிள்ளைதானே?" என்று கேட்டான். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். இடப்படும் முட்டைகளில் மிகச் சிலவே பறக்கும் பருவத்தை எட்டுகின்றன, அதனால்தான் தாய் அத்தனை முட்டைகள் இடுகிறது என்பதை அடுத்த நாள் கேழ்வரகு மணிகளை வைத்து விளக்கினேன்.

நாங்கள் எலுமிச்சை பயிரிடுகிறோம். எங்களுக்கு அது பூச்சி. பிள்ளையோ வளர்க்க வேண்டும் என்கிறான்.

இரண்டும் உண்மைதான், பிள்ளைக்கு இரண்டையும் சொல்லுங்கள். வளர்ந்த மரம் சில புழுக்களைத் தாங்கிக்கொள்ளும். நாற்றையும் இளங்கன்றையும் அவை மொட்டையடித்துவிடும். இளங்கன்றுகளில் உள்ள புழுக்களைக் கையால் பொறுக்கி எடுப்பது நல்ல பயிர்ப்பாதுகாப்பு முறை. மருந்துச் செலவும் இல்லை. பொறுக்கியவற்றில் இரண்டைப் பிள்ளையின் பாத்திரத்தில் விடுங்கள். "நைனா புழுவைக் கொல்றாரு" என்று வகுப்பில் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு சிறுவன், அதன் பின் தந்தையோடு காலையில் தோட்டத்துக்குப் போய் முட்டைகளைத் தேடிக்கொடுக்கத் தொடங்கினான். எங்கள் வகுப்பில் முட்டையை முதலில் காண்பவன் இப்போது அவன்தான்.

முப்பது குழந்தைகளுக்கு ஒரு புழு எப்படிப் போதும்?

ஐந்தைந்து பேராக, ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து நிமிடம். மற்றவர்கள் அந்த நேரத்தில் வரையலாம், களிமண்ணில் உருட்டலாம்.

குழந்தை புரிந்துகொண்டதா என்று எப்படி அறிவது?

பெயர்களை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். காலுறைப் பொம்மையையும் கேழ்வரகையும் ஓர் இலையையும் கொடுத்து, வீட்டில் இருக்கும் தம்பிக்குச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். வட்ட அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தச் சிறுமி, அந்த ஆண்டின் இறுதியில் கூட்டிலிருந்து வந்த பூச்சியைத் திறந்துவிட்டபோது அது பறந்த திசையைக் கேட்டு வைத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து, தன் வீட்டுக் கறிவேப்பிலையில் ஒரு முட்டை இருப்பதாக ஓடிவந்து சொன்னாள். "நம்ம பூச்சி வெச்சதா டீச்சர், வேற அம்மா வெச்சதா?" என்று கேட்டாள். பூச்சி முட்டைக்குள் போகுமா என்று அவள் பிறகு கேட்கவில்லை.